இடப்பக்கத்து எட்டு நட்டுகள்

அத்தியாயம் - 4

காருக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

“ஆரு சேர் செத்தது?” என்று தணிந்த குரலில் கேட்டான் வினாயகமூர்த்தி.

“ஒருத்தரும் சாகல்ல,” என்றார் ஜெயராஜா. “எட்டு நட்டு களவு போயிட்டு.”

சொல்லிவிட்டுக் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வினாயகமூர்த்தி பக்கத்தில் நின்ற புஸ்பத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. இருபது வருடம் மட்டக்களப்பு எக்ஸ்சேஞ்சில் இருந்து ஊராரின் காதலையும் சண்டையையும் தொலைபேசிக் கம்பி வழியாகக் கேட்டவள் அவள். ஒரு நாளாவது இடையில் சிரித்து மாட்டிக்கொண்டதில்லை. தொண்ணூறில் சண்டை பெரிதாகிக் கம்பிகள் எல்லாம் அறுந்து விழுந்தபோது, சும்மா கிடந்த காதுகளை வைத்துக்கொண்டு துப்பறியத் தொடங்கினாள். இப்போது ஆறு வருடமாகிறது. வினாயகமூர்த்தி தியேட்டரில் டிக்கெட் கிழித்தவன். தியேட்டரையும் மூடிவிட்டதால் அவளிடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு இரண்டு வேளை சோறும், வாயைத் திறக்க முழுச் சுதந்திரமும் இருந்தன.

“எட்டு நட்டுக்கு மெழுகுதிரியா சேர்? எஞ்சின் போயிருந்தா பூசையே வச்சிருப்பீங்க போல.”

“மூர்த்தி,” என்றாள் புஸ்பம். அவன் வாயை மூடினான்.

ஜெயராஜாவுக்குக் கோபம் வரவில்லை. தன் துக்கத்தைக் கேட்க ஆள் கிடைத்ததே போதும் என்றிருந்தது அவருக்கு.

கார் அல்பா ரோமியோ. மாதுளம்பழச் சிவப்பு. அறுபதுகளில் நெல் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த இத்தாலிக்கார எஞ்சினியர், ஊருக்குத் திரும்பும்போது ஜெயராஜாவின் தகப்பனாரிடம் விட்டுப் போனது. தகப்பனார் காலமான பிறகு கோழிகள் அதற்குள் குடியிருந்தன. கோழிகளைக் கிளப்பிவிட்டுப் பதினொரு வருடமாக ஜெயராஜா அந்தக் காரைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடி வந்தது, கதவு வந்தது, எஞ்சின் உயிர் பெற்றது. இருக்கைகளுக்குப் புதுத்தோல் தைத்து, அழுக்குப் படாமல் பொலித்தீன் உறையும் போட்டாயிற்று. கடைசியாக வந்து சேர்ந்தவைதான் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள்.

“பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு மூண்டு தரம் போனன். மட்டக்களப்பில இருந்து கொழும்புக்குப் போறதெண்டா எத்தின ஆமிச் சென்றியில இறங்கி ஏறவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும். சிங்களக் கடைக்காரன் கேட்டுட்டு, ‘மாத்தயாவுக்குத் தலையில சுகமில்லையா’ எண்டான். லேத்துக்காரரும் கைய விரிச்சிட்டார். மறுகா என்ட மனிசி இமெல்டாட மச்சாள் ஒராள் இத்தாலியில வீட்டு வேல செய்யிறா, அவவுக்குக் கடிதம் போட்டம். அவ பழைய கார் உடைக்கிற இடமெல்லாம் அலஞ்சி தேடி, ரோமாபுரிக்கு யாத்திரை போன சிஸ்டர் ஒருத்தரிட்ட செபமாலைப் பெட்டிக்குள்ள வச்சுக் குடுத்துவிட்டா. இஞ்ச வந்ததும் பங்குச் சுவாமி, செபமாலையோட சேத்து நட்டுகளையும் மந்திரிச்சிட்டார்.”

“அப்ப தேவ துரோகமும் சேருது,” என்றான் வினாயகமூர்த்தி.

“அப்படி என்ன விசேசம் அந்த நட்டில?” என்று கேட்டாள் புஸ்பம்.

ஜெயராஜா மெழுகுதிரியைத் தள்ளி வைத்துவிட்டுக் குந்தினார். “நம்மட ஊர்க் கார்களில நட்ட வலப்பக்கம் திருகினா இறுகும், இடப்பக்கம் திருகினாக் கழரும். இந்தக் காரில வலப்பக்கச் சில்லு ரெண்டும் அப்படித்தான். இடப்பக்கச் சில்லு ரெண்டும் நேர் மாறு. ஓடக்குள்ள தானாக் கழராம இருக்க இத்தாலிக்காரன் செஞ்ச வேல. தெரியாதவன் கழட்டப் போனா இன்னும் இறுகும். எடுத்தவன் அதத் தெரிஞ்சவன். இந்த மாவட்டத்தில அதத் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர். ஒண்டு நான். மற்றவன் கிரானில இருக்கிற கந்தப்போடி. இத்தாலிக்காரன்ட டிரைவர்.”

“எப்ப களவு போனது?”

“நேற்றுப் பின்னேரம். நாங்கெல்லாம் கோயிலுக்குப் போயிருந்தம்.”

அந்த நேரம் ஜெயராஜாவின் மனைவி இமெல்டா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். பின்னால் மகள் டெல்பினும், சனிக்கிழமை அவளுக்கு மாலையிட இருந்த பேர்னாட்டும் வந்தார்கள். பேர்னாட் வங்கியில் லிகிதர். நல்ல உயரம், நல்ல மீசை. காற்சட்டைப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி நின்றான். இமெல்டா நீட்டிய தேத்தண்ணியைத் தலையசைத்தே வேண்டாம் என்றான்.

“தம்பிதான் சனிக்கிழமை கார் ஓடப்போறார்,” என்றார் ஜெயராஜா. “கோயில்ல இருந்து பாலத்தால சுத்தி வீட்டுக்கு. கொழும்பில அஞ்சு வருசம் ஓடினவர்.”

பேர்னாட் பல்வலிக்காரனைப்போலச் சிரித்தான்.

“சனிக்கிழமைக்குள்ள நட்டு கிடைக்காட்டி?” என்றாள் புஸ்பம்.

“கலியாணம் இல்ல.”

“அப்பா,” என்றாள் டெல்பின்.

“என்ட அப்பா சாகக்குள்ள குடுத்த வாக்கு. பேத்தி இந்தக் காரிலதான் மாலையும் கழுத்துமா வரவேணும் எண்டு கேட்டார், நான் ஓம் எண்டன். கார் ஓடட்டும், மறுகா பாப்பம்.”

“வாற புதன் தவக்காலம் தொடங்குது,” என்றாள் இமெல்டா புஸ்பத்திடம், கணவனைப் பாராமலே. “மறுகா உயிர்ப்புத் திருநாள் முடியுமட்டும் கோயில்ல கலியாணம் வைக்கமாட்டாங்க. அதுக்குள்ள தம்பிக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திரும். வவுனியாவுக்குப் போனவர் எப்ப, எந்த வழியால திரும்பி வருவார் எண்டு ஆரால சொல்லேலும்?”

டெல்பினின் கண்கள் நிறைந்துவிட்டன. வினாயகமூர்த்தி சொல்ல வந்த பகிடியை விட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான்.

புஸ்பம் காரைச் சுற்றி வந்தாள். இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் நட்டில்லாத வெறும் ஆணிகளோடு பரிதாபமாக இருந்தன. வலப்பக்கத்தில் எல்லாம் இருந்தன.

“இதில ஒண்டக் கழட்டிக் காட்டுங்க சேர்.”

ஜெயராஜா ஸ்பேனரை மாட்டித் திருகினார். அசையவில்லை. கழுத்து நரம்பு புடைக்கத் திருகினார். அசையவில்லை. “கவலையில கையில பெலன் இல்ல. போன கிழமை கையாலதான் பூட்டினன், இப்ப பாருங்க.”

வினாயகமூர்த்தி ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தான். ஸ்பேனர் வழுக்கியது, அவன் மண்ணில் போய் விழுந்தான்.

“ம்,” என்றாள் புஸ்பம். எக்ஸ்சேஞ்சில் ஒரு இணைப்பைக் கொடுக்கும்போது அவள் எழுப்பும் சத்தம் அது.

ஜெயராஜாவிடம் மிஞ்சியிருந்தது, முன்பு கடைகளுக்கு மாதிரி காட்டக் கொண்டுபோன பழைய இடப்பக்க நட்டு ஒன்றும், அது பூட்டியிருந்த திருகாணியும். அவற்றை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு இருவரும் கிரான் பஸ் பிடித்தார்கள்.

*

கந்தப்போடி வயல் வட்டையின் ஓரத்தில், சூடு அடிக்கும் களத்துக்குப் பக்கத்து மருத மர நிழலில், பாயில் சாய்ந்திருந்தார். நாலைந்து பேர் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயால் மட்டும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டில் இருந்தன.

வினாயகமூர்த்தி அந்தக் கட்டுகளைப் பார்த்தான். பிறகு புஸ்பத்தைப் பார்த்தான். “காலால கழட்டியிருக்கலாம் அக்கா,” என்று முணுமுணுத்தான்.

“என்ன தம்பி சொல்றாய்?”

“ஒண்டுமில்ல போடியார். எப்ப விழுந்தீங்க எண்டு கேட்டன்.”

“பொங்கலுக்கு மறுநாள். உழவு மெசினில இருந்து விழுந்தன். இப்ப மூக்குச் சொறியவே ஒராள் வேணும் எனக்கு.” அவர் புஸ்பத்தின் பக்கம் திரும்பினார். “நீ ஆர் புள்ள?”

புஸ்பம் வந்த காரியத்தைச் சொன்னாள். அல்பா ரோமியோ என்ற பெயரைக் கேட்டதும் கந்தப்போடியின் முகம் கசந்தது.

“அந்தக் கார் இன்னும் கிடக்கா? அதால நான் பட்ட பாடு. இத்தாலிக்காரன் ஒவ்வொரு நாளும் காலையில அதுக்கு முத்தம் குடுப்பான். குடுத்துட்டு என்னையும் குடுக்கச் சொல்லுவான்.”

“குடுத்தீங்களா?” என்றான் வினாயகமூர்த்தி.

“சம்பளம் தாறவன் சொன்னா என்ன செய்யிற? அந்தப் பக்கம் என்ட மனிசி பாத்துட்டு நிப்பா. கலியாணம் கட்டின புதுசில.” அவர் பெருமூச்சு விட்டார். “நட்டு எனக்கு எதுக்குப் புள்ள? அந்தக் காரோட நான் கதைச்சே முப்பது வருசம்.”

களத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் அதைச் சத்தியம் பண்ணினார்கள். பொங்கலிலிருந்து அவர் அந்தப் பாயைவிட்டு எழும்பவில்லை. கந்தப்போடியின் மனைவி இருவருக்கும் தயிரும் சீனியும் கொடுத்தாள். தயிரைத் தவிரக் கிரானில் ஒன்றும் கிடைக்கவில்லை.

“மாவட்டத்தில ரெண்டு பேருக்குத்தான் தெரியும்,” என்றான் வினாயகமூர்த்தி திரும்பும் பஸ்ஸில். “ஒராளுக்குக் கை இல்ல. மற்றவர் நம்மளக் கூப்பிட்டவர். இனி அந்தச் சில்லுகள்தான் மிச்சம் அக்கா, அதுகளப் பிடிச்சு விசாரிப்பம்.”

பஸ் சென்றிக்கு வந்துவிட்டது.

வழக்கம்போல எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். வினாயகமூர்த்தியின் சட்டைப் பையைத் தொட்ட சிப்பாயின் கை அப்படியே நின்றது. அவன் ஆணியையும் நட்டையும் வெளியே எடுத்து வெயிலில் பிடித்தான்.

“மேக்க மொகத்த?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“கார் சாமான் சேர். நட்டு.”

நட்டு என்றால் கழரவேண்டும். சிப்பாய் திருகிப் பார்த்தான். கழரவில்லை. பலமாகத் திருகினான். இன்னும் இறுகியது. அவனுடைய முகம் மாறியது. கழராத நட்டுக்குள் என்ன இருக்கிறதோ என்று ஆணியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். அடுத்த சிப்பாயைக் கூப்பிட்டான். அவனும் திருகினான். மூன்றாமவன் ஸ்பேனர் கொண்டுவந்தான். வரிசையில் நின்றவர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். வினாயகமூர்த்தியின் முதுகில் வியர்வை ஓடியது. தான் செத்தால் பத்திரிகையில் ‘நட்டு வைத்திருந்தவர்’ என்றுதான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

“அனித் பெத்தட்ட சேர்,” என்றான், மறுபக்கம் என்று விரலைச் சுற்றிக் காட்டி.

பெரியவனாகத் தெரிந்த கோப்ரல் நட்டை வாங்கினான். ஸ்பேனரை மாட்டி மறுபக்கம் திருகினான். நட்டு வெண்ணெய்போலச் சுழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு கோப்ரல் சிரித்தான். உள்ளேயிருந்த ஆட்களையும் கூப்பிட்டு, இறுக்கிக் கொடுத்து, கழற்று பார்ப்போம் என்றான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்தார்கள். ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் மற்றவர்கள் கை தட்டினார்கள். பஸ் சனம் வெயிலில் நின்று இந்த வேடிக்கையைப் பார்த்தது. சமைத்துக்கொண்டிருந்தவன்கூட அகப்பையோடு வந்து ஏமாந்துவிட்டுப் போனான்.

பஸ் மறுபடி புறப்பட்டபோது புஸ்பத்தின் கண்கள் மினுங்கின.

“கண்டியா மூர்த்தி?”

“கண்டன். உயிர் போய் வந்தது.”

“அத்தின பேரும் முதல்ல ஒரே பக்கம்தானே திருகினாங்க. கழட்டுறதெண்டா ஆர் கையும் தானா அந்தப் பக்கம்தான் போகும். இப்ப சொல்லு, வலப்பக்க நட்டுகள் ஏன் அப்படி இறுகிக் கிடக்கு? போன கிழமை ஜெயராஜா சேர் கையால பூட்டின நட்டு.”

“அவரே சொன்னாரே, கையில பெலன் இல்ல எண்டு.”

“உனக்குமா பெலன் இல்ல? கள்ளன் வலப்பக்கத்தையும் கழட்டப் பாத்திருக்கான். கழரல்ல, இறுகியிருக்கு. இடப்பக்கத்துக்கு வந்து அதே பக்கம் திருகியிருக்கான். அது கழண்டு வந்திட்டு. விசயம் தெரிஞ்சவனெண்டா ரெண்டு பக்கமும் கழட்டியிருப்பான். தெரியாதவனெண்டா இடப்பக்கம் இறுகியிருக்கும்.”

வினாயகமூர்த்தி விரல்களால் காற்றில் நட்டுகளைத் திருகிப் பார்த்தான். முன்னிருக்கைக் கிழவர் தனக்குத்தான் ஏதோ சைகை காட்டுகிறான் என்று முறைத்தார்.

“அப்ப கள்ளன் ஆரு அக்கா?”

“எந்த நட்டையும் பிழையான பக்கம் திருகுறவன். பிறவியிலயே அப்படி ஒருத்தன். நீ இறங்கினதும் கடையில ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் வாங்கு.”

*

பின்னேரம் ஜெயராஜாவின் கராஜில் எல்லோரும் கூடினார்கள். மெழுகுதிரி அணைந்திருந்தது.

“களைச்சிப்போய் வந்திருக்கம்,” என்றாள் புஸ்பம். “ஹோர்லிக்ஸ் குடிச்சா நல்லம். இதத் திறந்து தாங்க பாப்பம்.”

போத்தலை இமெல்டாவிடம் நீட்டினாள். இமெல்டா ஒரு திருகில் திறந்தாள். புஸ்பம் அதை வாங்கி மூடி, டெல்பினிடம் கொடுத்தாள். டெல்பின் திறந்தாள். மறுபடி மூடி ஜெயராஜாவிடம் கொடுத்தாள். அவரும் திறந்தார். தண்ணீர் வைக்கப் போகவேண்டிய நேரத்தில் இது என்ன விளையாட்டு என்பதுபோல ஆளை ஆள் பார்த்தார்கள்.

“தம்பியும் ஒருக்காத் திறங்க.”

பேர்னாட் தயங்கினான். காலையிலிருந்து பைகளுக்குள் கிடந்த கைகளை மெல்ல வெளியே எடுத்தான். ஒரு கையால் போத்தலைப் பிடித்து மறு கையால் மூடியைத் திருகினான். அது திறக்கவில்லை.

“நல்லா இறுகியிருக்கு,” என்றான்.

“இன்னும் கொஞ்சம் பலமா,” என்றாள் புஸ்பம்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். மூடி இறுகியது. கைகள் இரண்டும் போத்தலில் இருந்ததால் காற்சட்டை ஒரு அங்குலம் கீழே இறங்கியது. உள்ளே ‘கிணிங்’ என்று ஒரு சத்தம். இருபது வருடம் சத்தத்தோடு வாழ்ந்தவளுக்கு அது போதுமாயிருந்தது. மூடி வெடித்து இரண்டாகப் பிளந்த அதே நேரத்தில் காற்சட்டை முழங்கால்வரை போய்விட்டது. மந்திரித்த நட்டுகள் எட்டும் பையிலிருந்து புறப்பட்டு, கராஜ் நிலத்தில் எட்டுத் திசைக்கும் உருண்டன.

டெல்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இமெல்டா கையிலிருந்த தட்டுத் துணியை எடுத்து மருமகனிடம் எறிந்தாள்.

“ஏன் தம்பி?” என்றார் ஜெயராஜா.

பேர்னாட் காற்சட்டையைப் பிடித்தபடி நின்றான். “எனக்குக் கார் ஓடத் தெரியா மாமா.”

“கொழும்பில அஞ்சு வருசம்?” என்றாள் டெல்பின்.

“பஸ்ஸில போய் வந்தன். முதல் நாள் உங்கட வீட்டுக்கு வரக்குள்ள மாமா காரப் பத்திக் கேட்டார், வாய் தவறி ஓடுவன் எண்டு சொல்லிட்டன். மறுகா எப்படி இல்ல எண்டு சொல்ற? நேற்றுத் தலையிடி எண்டு சொல்லிக் கோயிலுக்கு வராம நிண்டு, நீங்க போனதும் இஞ்ச வந்து நட்ட எடுத்தன். கார் ஓடாட்டி வேற கார் பிடிப்பீங்க எண்டு நினைச்சன். கலியாணத்தையே நிப்பாட்டுவீங்க எண்டு தெரியா. பொறவு, நான் எடுத்தன் எண்டு சொல்லவும் பயம், சொல்லாட்டி இவளும் இல்ல.”

“வாவியில எறிஞ்சிருக்கலாமே,” என்றான் வினாயகமூர்த்தி. அவனுக்கு உண்மையிலேயே அறிய ஆசையாக இருந்தது.

“சுவாமி மந்திரிச்சது. எப்படி எறியிற?”

எல்லோரும் ஜெயராஜாவைப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடுவார், ஸ்பேனரைத் தூக்குவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் காரின் மட்காட்டில் சாய்ந்து நிலத்தைப் பார்த்தார். காலையில் இருந்ததைவிட இன்னும் அதிகமாக இடிந்துபோனவராகத் தெரிந்தார்.

புஸ்பம் அவர் பக்கத்தில் போய் நின்றாள். “நட்டு கிடைச்சிட்டு சேர். இனி நீங்களே ஓடலாமே.”

அவர் மட்காட்டை உள்ளங்கையால் தடவினார்.

“பதினொரு வருசமா ஆரையும் தொடவிடாத காரை, நேற்று வந்த மருமகன்ட கையில ஏன் குடுத்தீங்க? வாக்குக் குடுத்தது நீங்க, தம்பி இல்லையே. அங்க பாருங்க, ஸ்டியரிங் பக்கத்து இருக்கையிலயும் பொலித்தீன் ஒரு சுருக்கு இல்லாமக் கிடக்கு. ஒருத்தர் ஒரு தரம் இருந்திருந்தாலும் அது கசங்கியிருக்கும்.”

ஜெயராஜா கைலேஞ்சியை எடுத்தார்.

“எனக்கும் ஓடத் தெரியா,” என்றார் கடைசியில். “கழட்டத் தெரியும், பூட்டத் தெரியும். எஞ்சின் சத்தத்தக் கேட்டு என்ன வருத்தம் எண்டு சொல்லுவன். ஓடப் பழக ஒரு நாளும் துணிவு வரல்ல. எங்கயாவது கொண்டுபோய் இடிச்சுப் போடுவன் எண்டு பயம். மருமகன் ஓடுவார் எண்டு சொன்ன அண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொண்டன்.”

மாமனும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேர்னாட் குனிந்து ஒரு நட்டைப் பொறுக்கி, மரியாதையாக மாமனாரின் கையில் வைத்தான்.

“ஊருக்குள்ள ஒரு டிரைவரப் பிடிப்பம்,” என்றான் வினாயகமூர்த்தி.

“பூட்டுங்க,” என்றாள் இமெல்டா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“சில்ல ஒழுங்காப் பூட்டுங்க. பூட்டிட்டுத் திறப்பத் தாங்க.” அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பொலித்தீனை ஒரே இழுவையில் உரித்தெடுத்து மூலையில் போட்டாள்.

“உனக்கென்ன தெரியும்?” என்றார் ஜெயராஜா.

“கதிரவெளியில அப்பாட மீன் லொறி இருந்தது தெரியுந்தானே. டிரைவர் வராத நாள்ல ஆர் ஐஸ் ஏத்திக்கொண்டு மட்டக்களப்புக்கு ஓடி வந்த எண்டு நினைச்சீங்க? அப்பாவுக்கு ராவில கண் தெரியா.”

ஜெயராஜா நட்டுகளைப் பூட்டினார். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இமெல்டா திறப்பைப் போட்டுத் திருகினாள். அல்பா ரோமியோ ஒரு செருமலோடு எழும்பி, கராஜை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற முருங்கையை ஒரு முழ இடைவெளியில் விலக்கி, தெருவுக்குத் திரும்பியது. தெருவில் நின்ற ஆடுகள் ஓடின. ஜெயராஜா வாயைப் பிளந்தபடி பின்னால் ஓடினார்.

சனிக்கிழமை காலை புளியந்தீவு கோயில் வாசலில் காரைப் பார்க்க வந்த சனம், கலியாணம் பார்க்க வந்த சனத்தைவிட அதிகம். பின்னிருக்கையில் மாலையும் கழுத்துமாக டெல்பினும் பேர்னாட்டும் இருந்தார்கள். அவள் அவனோடு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. ஆனாலும் அவனுடைய கையை விடாமல் பிடித்திருந்தாள். முன்னால் பட்டுச் சேலையில் இமெல்டா. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஜெயராஜா, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கதவைப் பிடித்தபடி.

பாலத்து முகப்பில் சனம் வழியை மறித்ததால் கார் நின்றது. காரின் முன் யன்னலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற வினாயகமூர்த்திக்கும் புஸ்பத்துக்கும் உள்ளே நடந்த பேச்சு தெளிவாகக் கேட்டது.

“இருபத்தாறு வருசம்,” என்றார் ஜெயராஜா. “ஒரு நாளாவது எனக்குச் சொன்னியா நீ?”

இமெல்டா கியரைப் போட்டாள்.

“எப்ப சொல்ற? நீங்க காரோடதானே கதைச்சிக்கொண்டு இருந்தீங்க.”

சனம் விலகியது. கார் பாலத்தில் ஏறியது.